முன்னுக்கு மட்டும் இரண்டு ரயர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு ஆங்கிலம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. வங்கி, மருந்துக்கடை, தம்பியின் தடுப்பூசி, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்ற முறைப்பாடு, எல்லாவற்றுக்கும் அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேசி முடித்ததும் அப்பா குனிந்து, "என்னவாம்?" என்று கேட்பார். நான் சொல்வேன். பிறகு அப்பா சொல்வதை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்வேன். நாலடி உயரப் பிள்ளைக்கு அது பெரிய பதவி. வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒரு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதவியில் இருந்துகொண்டு நான் பொய் சொல்லத் தொடங்கியது ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமையில்.

அது கனடாவில் எங்களுக்கு இரண்டாவது மாரி, இரண்டாவது பனிக்காலம். வோபர்னில் பதினோராம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரெக்ஸ்டேலில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. நாங்கள் இருந்தது நகரத்தின் ஒரு அந்தம், ரெக்ஸ்டேல் மற்ற அந்தம். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஏழரைக்குத்தான் போய்ச் சேரலாம். அதனால் அப்பா ஒரு கார் வாங்கினார். சாம்பல் நிறம். வயதில் எனக்கு ஐந்து வருடம் மூத்தது. பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. யாராவது இறங்கி வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பனி கொட்டும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரில் இருந்த ரயர்கள் நாலும் தேய்ந்து கிடந்தன. "வேலையிடத்துப் பெடியள் சொல்லுறாங்கள், என்ஜின் இழுக்கிறது முன் சில்லைத்தானாம். முன்னுக்கு ரெண்டு பனி ரயர் போட்டால் காணுமாம், நாலு தேவையில்லையாம்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் காலில் சப்பாத்தைப் போட்டேன்.

அன்றைக்கு எனக்கும் ஒரு அலுவல் இருந்தது. வகுப்பில் ஒருத்திக்குப் பிறந்தநாள். மூன்று மணிக்கு பௌலிங், பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்தும் விளையாட்டு. கனடாவில் எனக்கு வந்த முதல் அழைப்பு அதுதான். பரிசைச் சுற்றி முன் சீற்றில் என் மடியிலேயே வைத்திருந்தேன்.

ரயர் கடை ஒரு வரிசைக் கடைகளின் பின்புறத்தில் இருந்தது. இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ், ரப்பர் மணம், ஓரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நாலு கதிரை. கடைக்காரர் நரைத்த தாடிக்காரர். அவருடைய ஆங்கிலமும் வேறெங்கோ பிறந்து வளர்ந்து இங்கே வந்து சேர்ந்ததுதான். ஆனால் மனிதர் அவசரப்படாமல் பேசினார். எங்கள் ரயரில் பெருவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் பதியவில்லை.

"குளிர் வந்தால் இது கல்லு மாதிரியாம் அப்பா."

"எல்லாச் சீசனுக்கும் எண்டுதானே அதில எழுதிக் கிடக்கு? கேட்டுப் பார்."

நான் கேட்டேன். தாடிக்காரர் சிரித்தார். அதை எழுதியவர் இந்த ஊர் மாசி மாதத்தைக் காணாதவர் என்றார். ரயரின் விளிம்பில் இருந்த நாலு இலக்கங்களைக் காட்டி, அது எந்த வாரம் எந்த வருடம் செய்யப்பட்டது என்று வாசித்துச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரயருக்கும் பிறந்தநாள் இருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு பனிக்கால ரயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் பக்கத்தில் ஒரு சின்ன மலையும் மலைக்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தன. அந்த அடையாளம் இல்லாத எதையும் வாங்காதே என்றார். நகத்தை அழுத்தினார். பதிந்தது.

பிரச்சினை, எங்கள் கார் பழையது. அதன் சில்லுகள் சின்னவை. அந்த அளவில் இப்போது அதிகம் வருவதில்லை. அவரிடம் இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டையும் எடுப்பிக்க இரண்டு கிழமை, பதினாலு நாள், ஆகும்.

"ரெண்டு போதும் எண்டு சொல்லு. முன்னுக்குப் போடட்டும்," என்றார் அப்பா.

சொன்னேன். தாடிக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், முன்னுக்கு மட்டும் போட்டால் முன்பக்கம் றோட்டைப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, ஒரு வளைவில் பிறேக்கை அழுத்தினால் பின்பக்கம் மீன் வாலைப்போல அடித்துக்கொண்டு போகும் என்றார். மீனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தன் உள்ளங்கையை மேசையில் வைத்து, காரைப்போல ஓட்டி, திடீரென்று மணிக்கட்டு முன்னுக்கு வரும்படி சுழற்றிக் காட்டினார். இரண்டு கிழமை பொறுத்து வா, அதுவரை பஸ்ஸில் போகச் சொல்லு என்றார்.

இது எனக்கு நன்றாக விளங்கியது. சுவர்க் கடிகாரமும் விளங்கியது. இரண்டேகால். இதை அப்படியே சொன்னால் அப்பா இன்னும் பத்துக் கேள்வி கேட்பார். பிறகு வேறு கடை. அதற்குப் பிறகு இன்னொரு கடை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ரெண்டு காணுமாம்," என்றேன்.

தாடிக்காரரிடம், "அப்பாவுக்கு அது தெரியுமாம், ஆனாலும் இரண்டுதான் வேணுமாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாடிக்காரர் பில்லின் அடியில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதி, அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு என்று என்னிடம் நீட்டினார். நாலு போடும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டது என்று இருந்தது. "கையெழுத்து வைக்கட்டாம்," என்றேன். அப்பா பேனையை வாங்கி, ஒரு பில்லைப் பார்க்க வேண்டிய நேரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பௌலிங்குக்கு நேரத்துக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் கேக் துண்டுடன் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு காணுமோ? வடிவாக் கேட்டனீங்களோ?"

"கடைக்காரனே சொன்னவன். பிள்ளைதானே கேட்டுச் சொன்னது."

அம்மா என்னைப் பார்த்தார். "ஓம்," என்றேன். கேக்கின் கிறீம் கையில் உருகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சொன்னபடியே பனி கொட்டியது. அன்று தொடங்கியது என் மாரிகாலம். அப்பா வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தத்தில் விழித்துவிடுவேன். யன்னலடிக்கு ஓடினால் பதினோரு மாடிக்குக் கீழே ஒரு சாம்பல் கார் மெல்லப் பின்னுக்கு வந்து, திரும்பி, தெருவில் ஏறுவது தெரியும். தெரு முனையில் அது திரும்பும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாத பெரிய நெடுஞ்சாலை. அம்மா தேநீர் போடும்போது வானொலியில் விபத்துகளை வாசிப்பார்கள். மேற்குப் பக்கம் என்றால் அப்பா போகும் பக்கம். கிழக்குப் பக்கம் என்றால் எனக்குச் சந்தோசம் வரும். அந்தச் சந்தோசத்துக்காக வெட்கமும் வரும். பள்ளியிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் போக மாட்டேன். முதலில் பார்க்கிங்குக்குப் போய்க் கார் நிற்கிறதா என்று பார்ப்பேன்.

காருக்கு மீன் வால் வந்தால் என்ன செய்வது என்று பள்ளி நூலகத்து ரீச்சரிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேனோ, அவர் மிகுந்த அன்போடு திமிங்கிலங்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துத் தந்தார்.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். ஆனால் ஒவ்வொரு நாளும் பொய் ஒரு நாள் பழசாகிக்கொண்டு போனது. "அப்பா, மெதுவாப் போங்கோ," என்பேன். "ஓம் பிள்ளை," என்பார். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மார்கழியில் எனக்கு வயிற்றுவலி தொடங்கியது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்து பார்த்தார். நிற்கவில்லை என்றதும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது மனக்கவலை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நான் ஒழுங்காச் சாப்பிடுறனோ எண்டு கேக்கிறார்."

"எங்க சாப்பிடுறாள்!" என்றார் அம்மா. அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அம்மாவுக்குச் சோதனை. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான படிப்பு. எங்களைப் படுக்க வைத்துவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் இருந்து படித்த படிப்பு. ஒன்பது மணிக்குப் பிறகு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். தம்பியைப் பார்க்க ஆளில்லாததால் நாலு பேரும் புறப்பட்டோம். முதல்நாள் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து றோட்டெல்லாம் கண்ணாடியாக மினுங்கியது. நான் வரவில்லை, வயிறு நோகுது என்றேன். "எனக்கு இண்டைக்கு உதுக்கு நேரமில்லை," என்று அம்மா என் ஜக்கெற்றின் சிப்பை இழுத்து மூடினார்.

பள்ளத்தாக்குப் பக்கமாக றோட்டு இறங்கி வளையும் இடம். முன்னால் போன வாகனத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா பிறேக்கைத் தொட்டார். எனக்குப் பின்னால் ஏதோ இலேசாக நழுவுவது முதலில் என் உடம்புக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியில் இருந்த றோட்டு பக்கவாட்டில் போனது. மரங்கள் போயின. மதகின் கம்பி போனது. எங்களுக்குப் பின்னால் இருந்த மேடு முன்னால் வந்து நின்றது. கார் வந்த திசையைப் பார்த்தபடி ஓரத்துப் பனிக்குவியலில் மெத்தென்று மோதி நின்றது. மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ் ஒன்று எங்களுக்கு நேரே, இரண்டு கார் இடைவெளியில் நின்றது. அதன் சாரதியின் வாய் திறந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

மூன்று வயதுத் தம்பி கையைத் தட்டி, "அகெய்ன், அப்பா!" என்றான்.

நான் கத்தத் தொடங்கினேன். "மீன் வால்! அந்த அங்கிள் சொன்னவர், நாலு போட வேணும் எண்டு சொன்னவர், நான்தான் சொல்லேல்லை, பேர்த்டேக்குப் போக வேணும் எண்டு சொல்லேல்லை!" பத்துக் கிழமையாக உள்ளே கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

அப்பா ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கு விளங்கினது, பிள்ளை," என்றார். "அந்தாள் சொன்னதும் விளங்கினது, எழுதினதும் விளங்கினது."

அம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுகொண்டோ எங்களை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

"அப்ப வேலைக்குச் சேர்ந்து மூண்டு கிழமை. ரெண்டு கிழமை பிந்திப் பிந்திப் போனால் வேற ஆளை எடுத்துப்போடுவாங்கள்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் நீர் விட்டிருப்பீரோ?"

"பிறகாவது போய்ப் போட்டிருக்கலாமே!"

அப்பா என்ஜினை நிறுத்தினார். "ஒவ்வொரு நாளும் ஒண்டும் நடக்கேல்லை," என்றார். "அதால தள்ளிக்கொண்டு போயிட்டன்."

பஸ் சாரதி ஒரு பெண். இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார். நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா கண்ணாடியை இறக்கி, தானே ஆங்கிலத்தில் பேசினார். நாங்கள் சுகம், என் மனைவிக்கு ஒன்பது மணிக்குச் சோதனை, உன் பஸ் அந்தப் பக்கம் போகுமா. சொற்கள் ஒவ்வொன்றாக, ஆனால் சரியாக வந்தன. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினார். அம்மா புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி போனார், எங்களைத் திரும்பிப் பார்க்காமல். அந்தச் சோதனையில் அவர் சித்தியடைந்தார். அப்பாவோடு நாலு நாள் பேசவில்லை.

அப்பா காரைத் திருப்பி, நடக்கும் வேகத்தில் ஓட்டி, நேரே ரயர் கடைக்குப் போனார். வழி முழுக்க நான் ஒரு விடயத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன்: அவருக்கு விளங்கியிருந்தால் என் மீது பிழையில்லை. வயிற்றுவலியைத் தேடிப் பார்த்தேன்; இல்லை. அன்று இரண்டு காணுமோ என்று அம்மா கேட்டபோது, பிள்ளை சொன்னது என்று அவர் என் மேல் போட்டது எனக்கு ஞாபகமே வரவில்லை. அது வர இன்னும் பல வருடங்கள் இருந்தன.

கடையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் கதிரைகளைக் காட்டி, "நீ தம்பியோட அதில இரு," என்றார் அப்பா. நான் இருந்தேன். அவர் தனியாகக் கவுண்டருக்குப் போனார். தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா இரண்டு விரலைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் ஏதோ கேட்டார். ஒரு சொல்லில் அப்பா தடக்கி நிற்பதை அவருடைய தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். உடனே எழும்பிக் கதவருகே போனேன். அப்பா திரும்பாமலே கையை உயர்த்தி, அங்கேயே இரு என்பதுபோலக் காட்டினார்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். இனி என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போக மாட்டார், யாரும் என்னிடம் "என்னவாம்" என்று கேட்க மாட்டார்கள், பொய் சொன்னதற்காக அப்பா என்னை அந்தப் பதவியிலிருந்து நிற்பாட்டிவிட்டார் என்று நினைத்தேன். தம்பி பார்க்காதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த மாரியில் முதல் தடவையாக அழுதேன்.