மே மாதத்தில் பார்த்த இடம்

எண்பதுகளின் பிற்பகுதியில் அரசுக் கட்டடங்களுக்கு டெண்டர் கோரும் பிரிவில் இருந்தேன். நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கும். அனுமதி மே மாதம் கைக்கு வரும். ஆகவே கட்டடத்துக்கான இடத்தை நாங்கள் எப்போதும் மே மாதத்தில்தான் பார்ப்போம். அந்த மாதத்தில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள எந்த ஏரியும் கிரிக்கெட் மைதானம்.

செம்பாக்கத்துக்கு அப்பால் ஊழியர் குடியிருப்புக்காக அப்படி ஓர் இடம் பார்த்தோம். படிவத்தில் ‘நீர் தேங்கியுள்ளதா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். பொய்யில்லை.

மறு வாரம் அந்த ஊர்க்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நிலத்தை விற்றுச் சிமெண்டுக் கடை வைத்தவர். அவருடைய வீடு அந்த இடத்தை ஒட்டி இருந்தது.

“சார், ஏரி ரொம்பினா தண்ணி வெளிய போற வழி அது. அதை அடைச்சா என் வூட்டுக்குள்ளதான் வரும்.”

“சிமெண்டு விக்கிறவரே கட்டடம் வேணாங்கறீங்களே.”

“கடை மேட்டுல கீது சார். வூடு பள்ளத்துல கீது.”

அவர் சொன்னதை, வந்திருந்த மூன்று டெண்டர்களை ஒப்பிடும் பட்டியலின் அடியில் ஒரு குறிப்பாகச் சேர்த்தேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எது குறைஞ்ச டெண்டர்னுதானே கேட்டேன். தண்ணியும் டெண்டர் போட்டிருக்கா?”

இடத்தை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்ப ஒரு விதி உண்டு. அதன் எண்கூட எனக்கு மனப்பாடம். அதைக் காட்டினால் அந்த ஆண்டின் அனுமதி காலாவதியாகும், என்னிடம் விளக்கம் கேட்பார்கள். குறிப்பை நீக்கிப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்யச் சொன்னேன். கையெழுத்திட்டேன்.

குடியிருப்பு எழும்பிய பின் வந்த முதல் பெருமழையில், பஸ் அதற்கு மேல் போகாததால், இரும்புலியூரிலிருந்து நடந்தே போய்ப் பார்த்தேன். எங்கள் கட்டடம் உயர்ந்த அடித்தளத்தின் மேல் நனையாமல் நின்றது. அவர் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். பின்சுவர் விழுந்திருந்தது. சாலையோரம் ஒரு பீரோவோடு நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இப்ப பாத்து எழுதிக்கோங்க சார்,” என்றார்.

அவர் குடும்பம் கடை மாடிக்குக் குடிபோனது. அந்த வீட்டை அவர் மறுபடி கட்டவில்லை.

அடுத்த மே மாதம் வேறோர் ஏரிக்கரை, அதே படிவம். ‘இன்று இல்லை, மழைக்காலத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்’ என்று எழுதினேன். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் நிரப்புமாறு திரும்பி வந்தது. ‘ஆம்’ என்று எழுதி அனுப்பினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.