எட்டு வீடுகளுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

நேற்று கராஜைச் சுத்தம் செய்தபோது இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று அகப்பட்டது. திறந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நெத்திலி சம்பல் வாடை. ஐஸ்கிரீம் தீர்ந்தபின் டப்பாவைக் கழுவி வைத்துக்கொள்ளாத தமிழ் வீடு ஆக்லாந்தில் உண்டா, சொல்லுங்கள். இதில் சம்பலுக்குப் பிறகு குடியிருந்தது ஒரு ஹார்ட் டிஸ்க். இப்போது அடியில் லேமினேட் செய்த தாள் ஒன்று மட்டும் கிடந்தது. என் கைவண்ணம்.

அப்போது நான் வேலையில் இருந்தேன். அனுமதி விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகம். கொல்லைப்புறத்தில் மரத்தளம் போட எந்தப் படிவம், எத்தனை பிரதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் திருட்டுப் படங்களுக்கு விதிமுறை எழுதாமல் இருப்பேனா? கிளென் ஈடனில் எங்கள் வீடு தொடங்கி மனுரேவா, பாட்டனி டவுன்ஸ் என்று ஆக்லாந்து முழுக்க எட்டுக் குடும்பங்கள். வீட்டுக்கு மூன்று இரவு. மாலை ஆறு மணிக்குக் கைமாற்ற வேண்டும். நான்காம் விதியை அப்படியே தருகிறேன்: ‘குழுவின் அனுமதியின்றி எவரும் நகலெடுக்கக் கூடாது.’ இதை நான் சிரிக்காமல்தான் எழுதினேன். லேமினேட் செய்தது அலுவலக இயந்திரத்தில்.

படங்களை அதில் யார் ஏற்றினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எழுதாமலே எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.

பட்டியலில் ஏழாவது பெயர் லெட்சுமி. மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்தவள், பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் கேஷியர். அவளும் எங்களோடு சேர்ந்து பார்த்தவள்தான். ஒருநாள் அவளுக்குப் புத்தி வந்துவிட்டது. வீடு வாங்கச் சேர்த்ததில் பாதியைக் கொடுத்து, புதுப் படம் ஒன்றைத் திரையிடும் உரிமையை முறைப்படி வாங்கினாள். ஞாயிறு மாலைக்குத் தியேட்டரும் பிடித்தாள். கூட்டம் வந்தால் மாதம் ஒரு காட்சி தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கேஷியர் வேலையை விட்டுவிடலாம். படிவங்களை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு பிழை கிடையாது.

காட்சிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை டிஸ்க் என் முறைக்கு வந்தது. அதில் அதே படம் இருந்தது. எந்த ஊர்த் தியேட்டரிலோ கேமராவை மடியில் வைத்து எடுத்திருந்தார்கள். தாய் இறக்கும் காட்சியில் எவனோ இருமுகிறான். புதன்கிழமையே முழுதும் பார்த்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன்?

வியாழக்கிழமை லெட்சுமி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, திங்கக்கெழம வரைக்கும் ஒங்ககிட்டயே வச்சிருங்கண்ணே. அடுத்தது கணக்காளர் வீடு. அவரு கைக்குப் போனா சனிக்கெழமக்குள்ள எல்லாருக்கும் காப்பி போயிரும்லா.”

“அட்டவணை இருக்கும்மா. ஒருத்தருக்காக மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்.”

“திருட்டுக்குக்கூடவா அட்டவணை?”

என் மனைவி தேநீர்க் கோப்பைகளோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். “மூணு நாளுதானேங்க,” என்றாள். நான் விதியை விளக்கத் தொடங்கினேன். லெட்சுமி தேநீர் குடிக்காமல் போனாள்.

வெள்ளிக்கிழமை சரியாக ஆறு மணிக்குக் கணக்காளர் வீட்டு மணியை அடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

“ஆறு மணிக்கு ஆறு மணி! உங்களை மாதிரி ஆக்கள் இருக்கிறபடியாத்தான் அண்ணை இது ஒழுங்கா நடக்குது.”

“ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“நாலு பேருக்கு எண்பது டொலர் அண்ணை! அந்தப் பிள்ளையும் பாவம்தான். ஆனா கையில கிடக்கிறதுக்கு ஏன் காசு?”

அவருக்குப் பின்னால் கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு புதுத் தொலைக்காட்சி. தவணையில் வாங்கியது. எவனோ மடியில் வைத்து எடுத்த மங்கல் படத்தைப் பார்க்க அவ்வளவு துல்லியமான திரை. அன்று அவர்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. ஆனால் அவர் நீட்டிய கையில் டப்பாவை வைத்தவன் நான். அதற்கு எந்தக் கணக்காளரையும் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். லெட்சுமி பட்டுப்புடவையில் வாசலில் நின்றாள். டிக்கெட்டைக் கிழித்தபடி, “வாங்க சார். எடம் நெறைய இருக்கு. எங்க வேணும்னாலும் உக்காருங்க,” என்றாள்.

பதினோரு பேர். தாய் இறக்கும் காட்சி வந்தது. எல்லாம் தெளிவாக இருந்தது, கண்ணீர்கூடத் தனித்துத் தெரிந்தது. நான் அந்த இருமலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பக்கத்தில் மனைவி அழுதாள், படத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் மறு தேதி கொடுக்கவில்லை. லெட்சுமி பட்டியலிலிருந்து விலகினாள். அந்தத் தியேட்டர் இப்போது உடற்பயிற்சிக்கூடம். டிஸ்க் ஒருநாள் சுழலாமல் நின்றது. கணக்காளர் இன்று மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கிறார், மகள் வீட்டுக் கணக்கில். டப்பாவை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன். லேமினேட் தாள் அதில் சேராது. மக்கவும் மக்காது.

லெட்சுமி இன்னும் அதே கவுன்டரில்தான். நான் போனால் பொருட்களை மளமளவென்று ஸ்கேன் செய்வாள். என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட இந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். இப்போது, “பை வேணுமா சார்?” என்று கேட்கிறாள்.

பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை வந்துவிட்டது; பையை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருப்பேன். விதி தெரிந்தவன் அல்லவா.