மூக்கர் வாங்கிய தண்ணீர் ஸ்கூட்டர்

மூக்கர் எதையும் முகர்ந்து பார்க்காமல் வாங்கியதில்லை. செருப்புக் கடைக்குப் போனாலும் ஜோடியில் ஒன்றைக் கையில் எடுத்து, கண் இரண்டையும் இறுக மூடி, மூக்கருகே வைத்து ஆழ இழுப்பார். கடைக்காரர் விலை சொல்ல வாயெடுத்தால் வலது கையை உயர்த்தி நிறுத்துவார். "கொஞ்சம் இருங்க. மூக்குகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." அந்த மாதிரி நேரங்களில் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி, கூரையில் எழுதியிருப்பதைப் படிப்பவள்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

கண்ணை ஏன் மூடுகிறீர்கள் என்று அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "கண்ணு தெறந்திருந்தா அது நடுவுல பேசும்" என்றார்.

கல்யாணமான புதிதில் அவள் பிறந்த வீட்டில் தங்கப் போனபோது, படுக்கும் முன் தலையணையை எடுத்து முகர்ந்தார். கதவருகே நின்று அதைப் பார்த்துவிட்ட மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் வீட்டிலிருந்த தலையணை உறை, போர்வை, திரைச்சீலை அத்தனையும் கொடியில் தொங்கின. மூக்கர் என்ற பெயரை அன்றைக்கு வைத்தவன் அவள் தம்பி. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான். நாக்கில் எந்நேரமும் ஓர் ஊசி வைத்திருப்பவன். நேரில் மாமா என்பான், முதுகுக்குப் பின்னால் மூக்கர். அந்தப் பெயர் நாளடைவில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்வரைக்கும் போய்விட்டது.

அந்த மூக்கு எப்போதும் சரியாகத்தான் சொல்லும் என்றும் இல்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குள் தலையை விட்டு, "இது மீன் கடையில இருந்தது" என்று கண்டுபிடித்த அதே மூக்கு, ஒரு பழைய சோபாவுக்கு "பூ மாதிரி இருக்கு" என்று நற்சான்று கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. சோபாவுக்குள் ஓர் எலிக் குடும்பம் குஞ்சு குளுவானோடு குடியிருந்தது. அன்றைக்குத் தனக்கு ஜலதோஷம் என்று இன்னமும் சாதிக்கிறார்.

அவருக்கு ஏரிக்கரையில் படகுத்துறை. சில மிதிபடகுகள், ஒரு துடுப்புப் படகு, டிக்கெட் கொடுக்க ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் உட்காருவது மனைவி. வருகிறவர்களிடம் அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஏரியில் எந்தப் படகு எந்த மூலையில் இருக்கிறது என்பது அந்தச் சின்ன ஜன்னல் வழியாக எப்போதும் அவள் கண்ணுக்குள் இருக்கும்.

போன பருவத்தில் ஒரு சாயங்காலம் காற்று சட்டென்று திரும்பியது. தாயும் மகளும் உட்கார்ந்திருந்த மிதிபடகை மதகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. முதலில் பார்த்தவள் அவள்தான். மூக்கர் துடுப்புப் படகில் பாய்ந்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தும் விடாமல் துடுப்புப் போட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் அந்தப் படகு மதகின் கம்பித் தடுப்பில் மோதி, சாய்ந்து, எப்படியோ நின்றுவிட்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் கரைக்கு வந்தபின் மூக்கரால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவள்தான் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தாள். ஏரி நிர்வாகம் அதற்குப் பிறகு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது. விரைந்து போய் ஆளைத் தூக்கிவர ஒரு மோட்டார் வண்டி தண்ணீரில் இருந்தால் அடுத்த பருவத்துக்கு அனுமதி. இல்லாவிட்டால் துறையை மூடிக்கொள்ளலாம்.

புதிது என்பது பேச்சுக்கே இல்லை. தம்பிதான் தகவல் கொண்டுவந்தான். அவன் வேன் போகும் தெருவில் ஒரு பல் டாக்டர் வீடு. அங்கே கார் ஷெட்டில் ஓடாத வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று கிடக்கிறது. டாக்டரின் மகனுக்குக் கப்பலில் வேலை. போன மாதம் விடுமுறையில் வந்தவன் அதை எங்கேயோ ஓட்டி, கவிழ்த்து, கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான். டாக்டர் அதற்குப் பணம் கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போய்வர ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

மூக்கரிடம் நல்லது என்று சொல்ல இருந்ததே அந்த ஒரு மோட்டார் சைக்கிள்தான். முகம் கழுவுகிறாரோ இல்லையோ, காலையில் அதைத் துடைக்காமல் வெளியே எடுக்க மாட்டார்.

"ஓடற வண்டியக் குடுத்து ஓடாத வண்டிய வாங்கப் போறீங்க. நல்லா யோசிச்சுக்குங்க மாமா" என்றான் தம்பி.

யோசிக்காமல் இல்லை. வாங்கிய பிறகு அது வெறும் கூடு என்று தெரிந்தால், வண்டியும் போகும், துறையும் போகும். ஆனால் அன்று காலை மூக்கர் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு, காபியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, கிளம்பலாமா கிளம்பலாமா என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி வேனில் முன்னால் வழி காட்டிக்கொண்டு போனான். பல் டாக்டர் நெடுநெடுவென்று உயரமானவர். வாய்க்குள் எட்டிப் பார்த்தே முதுகு கொஞ்சம் வளைந்தவர். "உள்ளதச் சொல்லிடறேன். பட்டன அமுக்கினா டக்னு ஒரு சத்தம், அதோட சரி. இன்ஜின் ஜாம்னு நெனைக்கிறேன்" என்றார். தார்ப்பாயை இழுத்ததும் மஞ்சளும் கறுப்புமாக அது வெளியே வந்தது. தூசிக்கு அடியிலும் பாயப்போகிற மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூக்கர் ஒரு நிமிஷம் எதையும் முகர மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். தரையில் மல்லாந்து படுத்து அடிவயிறு முழுவதையும் உள்ளங்கையால் தடவினார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் சத்தம் மாறியதும் நின்றார். யாரோ விரிசலை அடைத்துப் பூசிய இடம். நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பெயரவில்லை. அடுத்து பின்பக்கம். தண்ணீரை இழுத்துத் தள்ளும் விசிறி ஆழத்தில் இருந்தது. டார்ச் போட்டும் இலைகளின் மறுபக்கம் தெரியவில்லை. டாக்டர் உள்ளே போய், பல் பார்க்கும் குச்சிக் கண்ணாடியைக் கொண்டுவந்து குனிந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு இலையாக இருவரும் பார்த்தார்கள். "சொத்தை இல்ல. ஓரத்துல லேசா தேய்மானம்" என்றார் டாக்டர். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி சந்தோஷம்.

இருக்கையைத் தூக்கியதும் மூக்கர் கண்ணை மூடித் தலையை உள்ளே விட்டார். பழைய பெட்ரோல் நாறுகிறது, ஆனால் எதுவும் கருகிய வாடை இல்லை என்றார். அதுவரைக்கும் நல்ல செய்திதான். ஆயில் குச்சியை உருவியபோதுதான் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆயில் கறுப்பாக இல்லை. பால் விட்ட காபி நிறத்தில் நுரைத்துப்போய் இருந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

"முடிஞ்சுது. வாங்க போகலாம்" என்றான் தம்பி.

மூக்கர் எழுந்திருக்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று டாக்டரிடம் கேட்டார். மகன் இதை ஏரியிலும் ஓட்டுவான், கடலிலும் ஓட்டுவான், கடைசியாக எங்கே கவிழ்த்தான் என்று தனக்குத் தெரியாது என்றார் டாக்டர். கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் கப்பல் நடுக்கடலில். துறைமுகம் வந்தால்தான் போன் எடுக்கும்.

"நல்ல தண்ணின்னா கழுவித் தொடைச்சு எழுப்பிடலாம். கடல் தண்ணின்னா இத்தன நாள்ல உள்ள தின்னு முடிச்சிருக்கும்" என்றார் மூக்கர், மனைவியைப் பார்த்து. குச்சியை மூக்கருகே வைத்து நெடுநேரம் இழுத்தார். ஆயில் வாடை மற்ற எல்லாவற்றையும் மூடியிருந்தது. கண்ணைத் திறந்தபோது முகம் வாடியிருந்தது. "கைய விரிச்சிடுச்சு" என்றார், தன் மூக்கைப் பற்றி.

இருந்தாலும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஒரு தடவை சுற்றவிட்டுப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. தம்பி முணுமுணுத்தபடி தன் வேன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தான். பிளக்குகள் வெளியே வந்தன. மூக்கர் ஒயர்களை ஒதுக்கிக் கட்டினார். டாக்டர் பட்டனை அமுக்கினார். டக் என்ற சத்தம்கூட இல்லை. மறுபடி அமுக்கினார். தம்பி வாயைத் திறப்பதற்குள் அவள் மெல்ல நகர்ந்து, ஷெட் சுவரில் குடைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்துவந்து, "இது இதோடதா?" என்று கேட்டாள். கயிற்றின் முனையில் ஒரு கிளிப். பட்டனுக்குப் பக்கத்திலிருந்த பள்ளத்தில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஓட்டுகிறவர் கையில் கட்டிக்கொள்ளும் கயிறு. ஆள் விழுந்தால் கிளிப் கழன்று வண்டி நின்றுவிடும். கிளிப் இல்லாமல் அது செல்ஃப் எடுக்காது.

டாக்டர் பட்டனில் விரலை வைத்துத் தயாராக நின்றார். அப்போதுதான் மூக்கருக்குக் கடைசியாக ஓர் ஆசை வந்தது. பிளக் இருந்த குழிக்கு நேரே குனிந்தார். கண்ணை மூடினார். கொஞ்சம் இருங்கள் என்று வழக்கம்போல வலது கையை உயர்த்தினார்.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று ஊரிலிருக்கும் எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. அவர் அதை, போடு என்ற சைகையாக எடுத்துக்கொண்டார். அவள் கையை நீட்டினாள். அதற்குள் பட்டன் அமுங்கிவிட்டது.

புஸ்ஸென்று ஒரு பீச்சல். மூக்கரின் முகத்தில், சட்டையில், ஷெட்டின் கூரையில், டாக்டரின் கண்ணாடியில் பழுப்புத் தண்ணீர் அடித்தது. டாக்டர் பதறி விரலை எடுத்தார். மூக்கர் அப்படியே நிமிர்ந்து நின்றார். மூடிய கண் மூடியபடி, புருவத்திலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்ட, கை மட்டும் இன்னும் உயர்ந்தபடி. அவள் முந்தானையால் முதலில் அவர் இமைகளைத் துடைத்தாள். அவர் அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை. நாக்கை நீட்டி மேலுதட்டை ஒரு தடவை தடவினார். கீழுதட்டையும் தடவினார்.

"உப்பில்ல" என்றார்.

தம்பிக்கு உடனே புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல தண்ணீர். அதோடு இன்ஜின் சுற்றுகிறது. தண்ணீரைத் துப்ப வேண்டுமென்றால் உள்ளே சுற்றியிருக்க வேண்டும். ஜாம் என்று நினைத்ததெல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு நின்ற தண்ணீர். டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, "வாய் கொப்பளிங்க, மொதல்ல வாய் கொப்பளிங்க" என்று சொம்போடு ஓடிவந்தார். மூக்கர் கொப்பளித்துத் துப்பிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். கூடவே டாக்டரும். ஷெட் அதிர்ந்தது.

வாங்கலாமா என்று யாரும் கேட்பதற்குள் அவள் பேசினாள். அந்நியர் வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசித் தம்பி கேட்டதில்லை. "ஏங்க, சாவிய டாக்டர்கிட்ட குடுங்க."

மூக்கர் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். கண்ணை மூடி ஒரு தடவை முகர்ந்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

ஆயிலை ஊற்றினார்கள், வடித்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். பால் நிறம் போகும்வரை விடவில்லை. ஏரிக்கரையில் அது முதல் தடவையாகப் பிடித்துக்கொண்டு உறுமியபோது தம்பி இரண்டடி பின்னால் போய், "பரவால்ல மாமா, ஜலதோஷம் இல்ல போல" என்றான். அவன் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நிர்வாகத்தார் வந்து பார்க்க, யார் ஓட்டிக்காட்டுவது என்ற பேச்சு எழுந்தது. மூக்கர் படகுகளைத் தள்ளிவிடக் கரையில் இருந்தாக வேண்டும். ஏரி முழுவதையும் கண்ணில் வைத்திருப்பவள் அவள். சிவப்புக் கயிற்றை வாங்கி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஏறினாள். மதகுவரை ஒரே வீச்சாகப் போய்த் திரும்பினாள். முன்பு துடுப்புப் போட்டு நேரத்துக்குப் போய்ச் சேராத தூரம், மூக்கர் மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது. இறங்கியபோது தலைமுடியெல்லாம் அவிழ்ந்திருந்தது. இன்னொரு சுற்றுப் போகட்டுமா என்று கேட்டாள்.

இப்போது படகுத்துறைக்கு அனுமதி இருக்கிறது. டிக்கெட் கொட்டகையில் பாதி நாள் தம்பி மனைவி உட்காருகிறாள். மூக்கர் பஸ்ஸில் வருகிறார். வந்ததும் வாட்டர் ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கி, கண்ணை மூடி, முகத்தை உள்ளே விடுகிறார். வலது கை தானாக உயர்கிறது. கயிறு அவள் மணிக்கட்டில்தான் இருக்கிறது. அவர் தலை முழுதாக வெளியே வந்து, கண் இரண்டும் திறக்கும்வரை, அவள் கிளிப்பை மாட்டுவதில்லை.