இரண்டு மஞ்சளுக்கு நடுவில்

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய அறைக்கு எலுமிச்சை மஞ்சளா, சந்தன மஞ்சளா என்று முடிவு செய்ய எனக்குப் பதினொரு நாள் ஆனது. அப்போது ஐந்தாம் வகுப்பு. பெயிண்டர் அண்ணன் சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு சதுரம் அடித்துவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்றார். ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா, "ரெண்டும் மஞ்சதானடி, எதையாவது சொல்லித் தொலை" என்றாள்.

எதையாவது எப்படிச் சொல்வது? நான் ஷேட் பார்ப்பவரின் மகள். அப்பா தோலுக்கு நிறம் ஏற்றுகிறவர். மாதிரித் துண்டோடு வைத்து ஒரே பார்வையில், "சிவப்பு ஒரு பொட்டு ஜாஸ்தி" என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்காகத்தான் எத்தியோப்பியாவில் ஒரு தோல் ஃபேக்டரி அவரை அழைத்துக்கொண்டது. போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளிவிட்டு வந்தால் அம்மா திரும்பும்வரை வீட்டில் நானும் டிவியும்தான்.

அப்பா விட்டுப்போன பழைய போனில் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே குரல் வந்தது: "ஈரத்துல ஷேட் பாக்கக்கூடாது கண்ணு, காயட்டும்."

மறுநாள் காய்ந்ததை அனுப்பினேன்.

"டியூப்லைட்டுல வேணாம். வெயில் வெளிச்சத்துல எடு."

எடுத்தேன்.

"தெரிஞ்ச கலர் ஒண்ணு பக்கத்துல இருந்தாதான் கரெக்டா வரும். நீ நடுவுல நில்லு. உன் கலரு எனக்குத் தெரியும்ல?"

நின்றேன். அப்புறம் தினமும் நின்றேன். காலையில் யூனிஃபார்மில் ஒன்று, சாயங்காலம் தலை கலைந்து ஒன்று. பெயிண்டர் அண்ணன் வந்து வந்து, "பேஜாரா போச்சும்மா" என்று திரும்பினார்.

பதினொன்றாம் நாளும் "இன்னொண்ணு அனுப்பு" என்று வந்தபோது எனக்குப் பகீரென்றது. அப்பாவின் கண் மங்கிவிட்டது! தெரிந்தால் ஃபேக்டரியில் துரத்திவிடுவார்களே! அவரைக் காப்பாற்ற நானே பெயிண்டரிடம் சந்தனம் என்று சொல்லிவிட்டு அப்பாவுக்கும் சொன்னேன்.

"முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் படம் கேட்கவில்லை. எனக்கும் அனுப்ப எதுவும் இல்லை. புதுச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

அடுத்த வருடம் லீவில் வந்தவரின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். என் படங்கள் அத்தனையும் இருந்தன. எதிலும் மஞ்சள் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி, முகத்தை மட்டும் வைத்திருந்தார்.

"இன்னாப்பா நீ! செவுத்தையே வெட்டிட்டா கலர எப்டி பாப்பே?"

அப்பா போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கே அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சினேன்.