தபசு காலத்து எலும்பு

தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய பருப்பில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டும் சத்தம் ஒரு வீட்டில் கேட்டால், அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அதே சத்தம் கேட்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த தோட்டத்தில் தபசு காலத்து வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான். தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைத்துவிட வேண்டாம். வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள், நடுவே ஒரு முற்றம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், இதைத்தான் கொழும்பில் "தோட்டம்" என்போம். எங்கள் தோட்டத்தில் அநேகமாக எல்லாரும் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் ஒரு வீட்டிலும் இறைச்சி இல்லை. பக்தி ஒரு காரணம். களவாகச் சமைத்தால் மணம் நாலு வீட்டுக்குப் போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

இந்த விரதத்துக்கு எங்கள் அப்பாதான் பொலிஸ். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கோயிலில் சிலுவைப்பாதைக்கு முன்னால் நின்று செபம் வாசிப்பவர். அவருடைய குரல் தெருமுனை வரை கேட்கும். வாசித்து முடித்து வீட்டுக்கு வருகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் வருவார் என்று பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா சொல்வா. "ஒறுத்தல் எண்டா வீட்டில இருக்கிற சீவன் எல்லாத்துக்கும் ஒறுத்தல்தான்" என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சீவன்களில் எங்கள் நாய் பொபியும் சேர்த்தி.

பொபி எங்கள் வீட்டு நாய் என்று பேர்தானே தவிர, அது தோட்டத்துக்கே பொதுவானது, தண்ணீர்க் குழாயைப் போல. காலையில் ஒரு வீட்டில் பாண் துண்டு, மத்தியானம் இன்னொரு வீட்டில் மீன் தலை என்று சுற்றிச் சாப்பிட்டு, இரவில் எங்கள் வாசலில் வந்து படுக்கும். தபசு காலம் வந்தால் அதற்கும் பருப்பும் சோறும்தான். பருப்பு என்று தெரிந்தும் தட்டை நக்கிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், சிலுவைப்பாதையில் வருகிற படங்களில்கூட அப்படியொரு துக்க முகத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் அது மெலியவில்லை. ஏன் மெலியவில்லை என்று அப்போது ஒருவரும் யோசிக்கவும் இல்லை.

ஒரு தபசு காலத்துச் சனிக்கிழமைக் காலை பொபி பாண் தின்ன மறுத்தது. வாயை மூட முடியாமல் எச்சில் நூல் நூலாக வடிய, தலையை ஒரு பக்கம் சாய்த்து, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு முற்றத்தில் சுற்றியது. முதலில் கண்டது பிலோமினா அக்காதான். "ஐயோ, இதுக்கு விசர் பிடிச்சிட்டுது, பிள்ளைகளைக் கூப்பிடுங்க" என்று அவ சொன்ன மாத்திரத்தில் எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டன. முன்வீட்டுச் சிங்கள அங்கிள் யன்னலால் எட்டிப் பார்த்து "பிஸ்ஸு பல்லா, பிஸ்ஸு பல்லா" என்று அதையே சொன்னார். யாரோ ஓடிப்போய் நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த வண்டியில் ஏறின நாய் திரும்பி வந்ததை எங்கள் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை. நான் அம்மாவின் சீலைத் தலைப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். எனக்கு வாய் திறந்து கதைக்கக் கூச்சம். அழுவதற்கு மட்டும் ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

அம்மா அழுதுகொண்டு நிற்கிற ஆள் இல்லை. கயிற்றைத் தூர நின்றே வீசி, பொபியைக் குழாய்க் கம்பத்தோடு மாட்டிவிட்டு, அடுத்த வீதியில் குடியிருந்த மிருக வைத்தியரைக் கூட்டி வந்தா. "நாய் டாக்டர்" என்று எல்லாரும் சொல்வோம். யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தோல் பை. நாய்க்குக் கிட்டப் போகாமல் தள்ளி நின்றே பார்த்தார்.

"ஆரையும் கடிச்சதோ?"

"இல்ல டாக்டர்."

"இந்த வருஷ ஊசி போட்டாச்சோ?"

அம்மா நிலத்தைப் பார்த்தா. ஊசி போடுகிற நாள் கோயில் வேலையோடு வந்துவிட்டதால் ஈஸ்டர் முடியப் பார்ப்போம் என்று அப்பா தள்ளி வைத்திருந்தார்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "இப்பிடி எச்சில் வடியிறதுக்கு விசர் ஒரு காரணம். வாய்க்குள்ள எலும்பு இறுகினாலும் இப்பிடித்தான் வடியும். ஊசி போடாத நாய், சும்மா வாய்க்குள்ள கை விட ஏலாது. எலும்பு திண்டது எண்டு தெரிஞ்சால் அதுக்கேத்த மாதிரிப் பாப்பன். இல்லையெண்டால் வண்டி வரட்டும். ஆர் எலும்பு குடுத்தனீங்கள்?"

மூடியிருந்த கதவுகள் மெல்ல மெல்லத் திறந்தன. ஆனால் பதில் எல்லா வாசலிலிருந்தும் ஒன்றுதான். "எலும்பா? தபசு காலம் டாக்டர். எங்கட தோட்டத்தில எலும்புக்கு வழியே இல்ல."

"அப்ப இவர் என்னத்தைச் சாப்பிடுறவர்?"

"பருப்பு" என்றா அம்மா.

டாக்டர் பொபியின் உருண்ட வயிற்றைப் பார்த்தார். "பருப்பிலையோ இந்த உடம்பு?" என்றார். "அம்மா, நான் சுவாமியார் இல்லை. உங்கட பாவம் புண்ணியம் எனக்குத் தேவையில்லை. நாய் என்ன திண்டது, அது மட்டும் போதும்."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வண்டி வந்து நின்றது. காக்கிக் காற்சட்டை போட்ட இரண்டு பேர் சுருக்குக் கயிறோடு இறங்கி, "பல்லா கோ?" என்று நாய் எங்கே என விசாரித்தபடி உள்ளே வந்தார்கள்.

அப்பா கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டையோடு வெளிக்கிட்டது அப்போதுதான். உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்தவருக்கு இவ்வளவு அமளியும் கேட்காமல் இருந்திருக்காது என்று அம்மா பிறகு எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டிருந்தா. அவரைக் கண்டதும், அவ்வளவு நேரமும் தலை சாய்த்துக் கிடந்த பொபி எழும்பி, எச்சில் ஒழுக ஒழுக வாலை ஆட்டி, கயிறு இழுபட அவருடைய காற்சட்டைப் பொக்கற்றைப் பார்த்து மூக்கை நீட்டியது. முகத்தைப் பார்க்கவில்லை, பொக்கற்றைத்தான் பார்த்தது. அதை டாக்டர் பார்த்தார். அம்மாவும் பார்த்தா.

"டாக்டர், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போய்க் கதைப்பமா?" என்றார் அப்பா.

"இஞ்சையே சொல்லுங்கோ. வண்டிக்காரர் நிக்கினம்."

அப்பா சுருக்குக் கயிற்றைப் பார்த்தார், பொபியைப் பார்த்தார், சுற்றியிருந்த வாசல்களை எல்லாம் ஒரு முறை பார்த்தார். சிலுவைப்பாதையில் தெருமுனை வரை கேட்கிற குரல், அன்றைக்கு என் காதுக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது.

"ஆட்டெலும்பு. புரியாணி. நேற்று."

"நேற்று வெள்ளிக்கிழமை" என்றா பிலோமினா அக்கா, யாருக்கும் தெரியாதது போல.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு மீசையில் தெரிந்தது. வண்டிக்காரரிடம் சிங்களத்தில் பொறுக்கச் சொல்லிவிட்டு, தோல் கையுறைகளைப் போட்டு, பொபியின் மூக்கையும் தாடையையும் இரண்டு துணிப்பட்டியால் வளைத்துத் திறந்து பிடிக்க அப்பாவுக்கும் ஒரு சோடி கையுறை கொடுத்தார். "நீங்கள்தான் குடுத்தனீங்கள், நீங்களே பிடியுங்கோ." நீளக் கரண்டிக் காம்பை உள்ளே விட்டு ஒரு நெம்பு. மேல்வாயில், இரண்டு பக்கத்துக் கடவாய்ப் பல்லுகளுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் போட்ட மாதிரி இறுகியிருந்த எலும்புத் துண்டு முற்றத்துச் சிமெந்தில் "டிங்" என்று விழுந்தது. பொபி வாயை மூடித் திறந்து பார்த்துவிட்டு, குழாயடி வாளிக்குள் தலையை விட்டு மூச்சு விடாமல் தண்ணீர் குடித்தது. அதற்குப் பிறகு அந்த எலும்பைத் தேடிப் போனது. டாக்டர் சப்பாத்தால் மிதித்துக்கொண்டார்.

பிறகு அங்கேயே நின்று பிரசங்கம் வைத்தார். அவித்த எலும்பு கூராக உடையும், வாயில் இறுகும், குடலைக் கிழிக்கும், கொடுக்கவே கூடாது. எச்சில் வடிகிற நாயின் வாயில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நல்லாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு வருஷம் ஊசி. "கடைசியாக ஒண்டு. வாயில்லாச் சீவன் தனக்கு என்ன நடந்தது எண்டு சொல்லாது. வாயுள்ள ஆக்கள்தான் சொல்ல வேணும்." வண்டி வெறுமனே திரும்பிப் போனது. பொபியைக் கொஞ்ச நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி, ஊசியையும் அவரே போட்டுவிட்டார்.

மத்தியானம் அப்பாவின் கோப்பையில் அம்மா சோறு போடாமல் பருப்பை மட்டும் ஊற்றினா.

"நாய்க்கெண்டுதான் வாங்கினது" என்றார் அப்பா. "பாவம், அதுக்கு என்ன தெரியும் தபசைப் பற்றி."

"அப்ப இறைச்சி எங்க போச்சு?"

அப்பா பருப்பைக் குடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலில் முன்னால் போகவில்லை. தூணோடு தூணாகக் கடைசியில் நின்றார். சுவாமியாருக்குக் கதை அதற்கு முன்னமே போய்விட்டது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து, "பாவசங்கீர்த்தனம் எண்டா என்னட்ட மட்டும் சொன்னாப் போதும், நீர் தோட்டத்துக்கே சொல்லிட்டீர். இனி என்ன மிச்சம், முன்னால வாரும்" என்று கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அப்பா வாசித்த செபம் போல அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை என்று அம்மாவே ஒப்புக்கொண்டா. அது மட்டுமில்லை. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து, மழை வெய்யில் கதைத்து, போகிற நேரம் குரலைத் தாழ்த்தி, "அது எந்தக் கடை?" என்று அப்பாவிடம் கேட்டுப் போனதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அந்த இடத்தில் லொறிகள் நிற்கின்றன. நான் வெள்ளவத்தையில் மகளோடு மாடி வீட்டில் இருக்கிறேன். மகளின் நாய் கோகோவை ஏசி போட்ட கிளினிக்குக்குக் கொண்டு போகிறோம். சொக்லட் ஆகாது, வெங்காயம் ஆகாது, திராட்சை ஆகாது, எங்களுடைய காய்ச்சல் குளிசை ஆகவே ஆகாது என்று அங்கே சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். போன கிழமை கோகோவுக்கு வயிறு சரியில்லை. அங்கே இருக்கிற டாக்டர் பெண்பிள்ளை வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெளியில வேற யாரும் சாப்பாடு குடுக்கிறவங்களா?" என்று கேட்டா.

"இல்ல டாக்டர், நாங்க மட்டும்தான்" என்றாள் மகள்.

உண்மைதான். அவ்வளவு மாடியிலும் கோகோவின் பெயர் தெரிந்தவர் எங்களைத் தவிர கீழே நிற்கிற காவலாளி ஒருவர்தான். அவரும் அதற்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கட்டிட நிர்வாகம் சொல்லியிருக்கிறதாம்.