அக்கா திருப்பித் தராத முளை

என் கருவிப் பையில் முழ நீளத்தில் நான்கு இரும்பு முளைகள். மூன்று பழையவை, சம்மட்டி அடி வாங்கித் தலை நசுங்கியவை. நான்காவது மட்டும் புதுசு. நிலத்தடி நீர் பார்க்கப் போகிற இடத்தில் இந்த நான்கையும் ஒரே வரிசையில் அடித்து, மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது என் தொழில். ஈரம் இருந்தால் தடை குறையும். வெறும் பாறை என்றால் எகிறும். நான்காவது பழைய முளை எங்கே என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்கார அக்கா அதை வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. ஏற்கெனவே போட்ட இரண்டு ஆழ்துளை போர்களிலும் வெறும் புழுதிதான் வந்தது. மூன்றாவதும் பொய்த்தால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, ஊர் முனைக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் தானும் ஏறிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். அதைச் சொன்னபோது அழவில்லை. பஸ் வரும் திசையைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். நான் அளக்க வேண்டிய வரிசையைக் கல் வைத்துக் குறித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அளக்க ஆரம்பித்ததும் ஒரே எரிச்சல். பங்குனி வெயிலில் பக்கத்துக் கொல்லையெல்லாம் வெடித்துக் கிடக்க, இங்கே மேல் மண் மட்டும் ஏரிக்கரை ஈரம் மாதிரி தடையைக் குறைத்துக் காட்டியது. நாலு எட்டு தள்ளினால் எகிறியது, இன்னும் தள்ளினால் இறங்கியது. ஒயரை மாற்றினேன், பேட்டரியைத் திட்டினேன். ஒன்றும் பிடிபடாமல் நிழலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வந்தவர் கேட்பதற்கு முன்பே சொம்பு வந்துவிடும். அக்கா நகரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

“தண்ணி இல்ல மேடம். இருந்ததெல்லாம் நேத்து சாயங்காலமே இந்த வரிசையில ஊத்திட்டேன்.”

காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்குவதற்காக முளையடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். முன்பு பக்கத்துக் கொல்லையில் அளக்க வந்தபோது நான் அப்படி ஊற்றியதை அக்கா வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். அங்கே போரில் தண்ணீரும் வந்துவிட்டது. கொஞ்சம் ஊற்றியதற்கே அவ்வளவு என்றால் நிறைய ஊற்றினால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்திருக்கிறார். தூரத்திலிருந்து சுமந்து வந்த ஒன்பது குடம், சமையலுக்கு வைத்தது உட்பட, அத்தனையும் என் வரிசைக்கு!

எனக்கு மூக்கு மேல் கோபம். யார் உங்களை ஊற்றச் சொன்னது, ஒரு நாள் வேலை போச்சே என்று கத்தித் தீர்த்தேன். அதற்குப் பிறகுதான் வாசலில் கவிழ்த்து வைத்த குடங்கள் கண்ணில் பட்டன. வெட்கமாகப் போய்விட்டது. அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு குடம் பிடித்து வந்தோம். முன்னால் ஒன்று, அவர் மடியில் ஒன்று. வழியெல்லாம் தளும்பி இரண்டு பேரும் நனைந்தோம். அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் வரிசையை ஓடைப் பக்கம் தள்ளி, நனையாத மண்ணில் அளந்தேன். ஆழத்தில் ஓரிடத்தில் தடை இறங்கியது. பாறையில் வெடிப்பு இருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றேன். இடம் தெரிய ஒரு முளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போர் வண்டி வந்து துளை போட்டபோது முதலில் புழுதி, பிறகு சேறு, பிறகு தண்ணீர். குழாயில் இரண்டு இன்ச் அளவுக்குத்தான் கொட்டியது, தக்காளிக்குப் போதும். அக்கா பஸ் ஏறவில்லை. முளையைக் கேட்டதற்குத் தரவே மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது அதை மோட்டார் கொட்டகை வாசலில் நட்டு வைத்திருக்கிறார். தினமும் காலையில் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று படித்த எனக்குத் தெரியும். இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சொம்பு வந்துவிட்டது. பாதி குடித்துவிட்டுப் போதும் என்று நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை.

“முழுசாக் குடி கண்ணு. அன்னிக்குக் குடுக்க முடியாத தண்ணி அது.”