முருங்கைப் பூ வண்டுக்கு நான் வைத்த பெயர்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷொட்டும் வேண்டாம்!

முக்கியமாக எங்கள் ஊர் சுருவிலில் யாருக்கும். (நீங்களே சுருவில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள்.)

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

ஒரு பூச்சியைப் படம் எடுத்து, அதன் பெயரைப் பல மொழிகளில் எழுதி வரச் சொன்னார் எங்கள் சயன்ஸ் ரீச்சர்.

எங்கள் முருங்கைப் பூவுக்கு ஒரு வண்டு வரும். பூனைக்குட்டி மாதிரி உடம்பெல்லாம் உரோமம். அதை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

நோர்வே அண்ணா: "இஞ்சையும் இதைப்போல ஒண்டு இருக்கு. ஹும்லபில்ல எண்டுவினம். கொழுத்த தேனீ மாதிரி வண்டாம்."

ஜேர்மனி சின்னம்மா: "பின்சல்கேஃபர். பெயின்ற் அடிக்கிற பிறஷ் இருக்கெல்லே, அந்தப் பிறஷ் வண்டு."

லண்டன் மச்சாள்: "பீ பீட்டில். தேனீ வண்டு, சிம்பிள்!"

தமிழில்? அப்பாவைக் கேட்டேன்.

"வண்டுதானே! வேறை என்ன பேர்? அதுக்கு ஐடென்ரிற்றி கார்ட் எடுக்கப்போறியோ?"

சார்ட்டில் தமிழுக்கான கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து வண்டு பூவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. முகம், கழுத்து, காது (வண்டுக்குக் காது எங்கே என்று கேட்காதீர்கள்) எல்லாம் மகரந்தம்.

அப்படியே பக்கத்து வீட்டு மாமி கோயிலுக்கு வெளிக்கிட்ட மாதிரி!

எழுதிவிட்டேன். "ஊர்ப் பெயர்: பவுடர் மாமி."

இன்று ரீச்சர் அதை வாசித்துவிட்டுத் துள்ளினார்.

"பிள்ளை, உண்மையா ஊரிலை இப்பிடிச் சொல்லுறவையோ?"

"ஓம் ரீச்சர்." (நானும் ஊர்தானே?)

"என்ன வடிவான பேர்! நான் இருக்கிற வீட்டு அன்ரியிட்டை இரவைக்குக் கேக்கிறன். அவவுக்குத் தெரியாத ஊர்க்கதை இல்லை."

ரீச்சர் வவுனியாவிலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருப்பவர். அவர் அன்ரி என்பதும் நான் மாமி என்பதும் ஒரே ஆளை!!

பள்ளிக்கூடச் சோதனை நாட்களில் என்னைக் கூப்பிட்டுத் திருநீறு பூசி அனுப்புபவர் அந்த மாமிதான். அவர் முகம் வாடினால் நான் என்ன செய்வேன்?

சார்ட் பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிறது. இனி அழிக்கவும் முடியாது. நீங்களே சொல்லுங்கள், காலையில் போய் உண்மையைச் சொல்லட்டுமா, அல்லது வேறு ஏதாவது

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா என்றால் தட்டமாட்டார், நேரே வந்துவிடுவார்.

கதவிடுக்கால் பவுடர் வாசம் வரு